ஈரநெல்லும் முதலாம் வருடக் கணக்கீடும்

மதிப்புக்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வடக்கில் முகாமைத்துவமும் வணிகமும் படிப்பிக்கிற பீடங்களில், முதலாம் வருடத்துக்கு எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், எந்த நூல் என்று தீர்மானிக்கிற சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும் இந்த மடல். கம்பஸை விட்டு வெளியே வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் எனக்கு நீங்கள் சேர், மிஸ்தான். ஆகவே பயத்தோடும் கொஞ்சம் உரிமையோடும் எழுதுகிறேன். நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் ஆலையில் கணக்குப் பார்க்கிறவள்.

போன மாசியில் எங்கள் ஆலை முற்றத்தில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். பரந்தன் பக்கத்து ஐயா ஒருவர் உழவு இயந்திரப் பெட்டியில் நெல் கொண்டுவந்து இறக்கினார். வெட்டு இயந்திரம் கொட்டிய கையோடு ஏற்றிய நெல், வெயிலே படவில்லை. ஈரம் பார்க்கிற மெசினில் 20 வீதம் காட்டியது. நாங்கள் விலை சொல்வது 14 வீத ஈரத்துக்கு. தராசில் 2000 கிலோ. உள்ளகப் பயிற்சிக்கு வந்திருந்த நாலாம் வருடப் பிள்ளையிடம், "ஈரத்துக்கு எவ்வளவு கழிக்க வேணும், பாருங்கோ" என்றேன். அவள் கல்குலேட்டரைத் தொடவேயில்லை.

"இருபதில பதினாலு போனால் ஆறு. நூறுக்கு ஆறு கிலோ. மொத்தம் 120 கிலோ கழிக்க வேணும் அக்கா."

ஐயா சிரித்தார். "அப்பிடியெண்டால் நான் இனி இந்தப் பிள்ளையிட்டத்தான் நெல்லுக் கொண்டு வருவன்."

பிள்ளையின் கணக்குப் பிழை. ஈரம் 20 வீதம் என்றால் மிச்சம் எண்பது வீதம் காய்ந்த பொருள், 2000 கிலோவில் அது 1600 கிலோ. நெல் காயும்போது தண்ணீர்தான் போகும், அந்த 1600 அப்படியே இருக்கும். ஈரம் 14 வீதத்துக்கு இறங்கியதும் அதே 1600 மொத்த நிறையில் 86 வீதமாகிவிடும். 1600ஐ 0.86ஆல் பிரித்தால் 1860 கிலோ. கழிக்க வேண்டியது 140 கிலோ, 120 அல்ல. பிள்ளையின் கணக்கின்படி போனால் ஆலைக்குக் கிட்டத்தட்ட ஒரு புசல் நட்டம். மறுபக்கம், மெசினே இல்லாமல் நெல்லை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்துவிட்டு "நூறுக்குப் பத்து" என்று கழிக்கிற வியாபாரிகளும் உண்டு. அவர்களிடம் இதே நெல் 1800 கிலோவாகும். கமக்காரருக்கு 60 கிலோ போச்சு. 2025 மாசியில் அரசாங்கம் நாட்டரிசி நெல்லுக்குச் சொன்ன 120 ரூபாய்ப்படி பார்த்தாலும் 7200 ரூபாய்.

அந்தப் பிள்ளை வணிகக் கணிதத்தில் ஏ எடுத்தவள். நான் சொன்னதும் நெற்சிட்டையின் பின்பக்கத்தில் தானே திரும்பப் போட்டுப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "இதே மாதிரிக் கணக்கு நாங்கள் முதலாம் வருசத்தில செய்தனாங்கள் அக்கா. ஆனா அதில நெல்லு இருக்கேல்லை."

இந்த மடலை எழுத வைத்தது அந்த வசனந்தான். நான் கேட்பது இது: முதலாம் வருடத்தில் ஒவ்வொரு மாணவரும் இந்த மண்ணில் நடக்கிற ஒரு உண்மையான தொழிலின் கணக்கை, ஒரு போகம் முழுக்க, தன் கையால் எழுத வேணும். நெல், கடை, மாட்டுப்பால், நந்திக்கடல் இறால், எதுவாகவும் இருக்கட்டும். கணக்கீடு, வணிகக் கணிதம், புள்ளிவிபரவியல், பொருளியல், வணிகச் சட்டம் என்று நீங்கள் தனித்தனி அறைகளில் நடத்துகிற பாடங்கள் எல்லாம் அந்த ஒரே கொப்பிக்குள் வந்து சந்திக்க வேணும்.

முதலில் கணக்கீட்டைப் பற்றி, அதிலும் ஒரு சொல்லைப் பற்றி. உயர்தரத்தில் நாங்கள் தமிழில் படித்தோம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. கம்பஸில் அது டெபிட், கிரெடிட். வரவு என்றால் டெபிட், செலவு என்றால் கிரெடிட் என்று முதற்கிழமையே சொல்லிவிட்டால் அலுவல் முடிந்தது என்று நினைப்பீர்கள். எங்கள் காலத்தில் ஓரளவு முடிந்தது. இப்போதைய பிள்ளைகளுக்குச் சிக்கல் வேறு பக்கத்தால் வருகிறது. விரிவுரை விளங்காத இரவுகளில் அவர்கள் யூடியூப்பில் தமிழ் விளக்கம் தேடுகிறார்கள். நல்ல ஆசிரியர்கள்தான், ஆனால் பெரும்பாலும் தமிழ்நாட்டவர்கள். அங்கே டெபிட்டுக்குப் பற்று என்று பெயர், கிரெடிட்டுக்கு வரவு. எங்களுக்கு இடப்பக்கமாக இருக்கிற வரவு அங்கே வலப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கும்.

போதாக்குறைக்கு வங்கியின் குறுஞ்செய்தி. காசு வந்தால் 'கிரெடிட்டட்' என்று வருகிறது. காசு சொத்து, சொத்து கூடினால் டெபிட் என்று மனனம் செய்த பிள்ளை அதைப் பார்த்துக் குழம்பாமல் என்ன செய்யும்? வங்கி எழுதுவது வங்கியின் புத்தகத்தை. நாங்கள் போட்ட காசு வங்கி எங்களுக்குத் தர வேண்டிய கடன். அதன் கடன் கூடுகிறது, ஆகவே கிரெடிட். இது இரண்டு நிமிட விளக்கம். ஆனால் எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி எங்கள் புத்தகத்தையும் வங்கியின் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பொருத்துகிற வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை முழுவதும் தலைகீழாகச் செய்து, இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினான். கேட்கவும் வெட்கம் அவனுக்கு. மூன்றாம் வருடத்தில் நிற்கிற ஒருவன் 'டெபிட் எந்தப் பக்கம்' என்று எப்படிக் கேட்பது?

இத்தாலியக் கணித அறிஞர் பசியோலி 1494இல் வெனிஸில் அச்சிட்ட நூலில், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் டெபிட், கிரெடிட் என்று இரு பக்கமும் எழுதுகிற இரட்டைப் பதிவை விளக்கியபோது, அதைத் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்த முறையைத்தான் எழுதிவைத்தார். சந்தையிலிருந்து வகுப்புக்குப் போன பாடம் இது. நீங்கள் அதை ஒரு போகத்துக்குத் திரும்பச் சந்தைக்கு அனுப்பிவைத்தால் போதும்.

என் சொந்தக் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணக்கீடு எனக்கு விளங்கியது அதில்தான். அப்பா விசுவமடுவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடன் கொப்பி ஒன்று, நீல மட்டை, ஆளுக்கு ஒரு பக்கம். 2009இல் கடை போனது, சாமான் போனது, வீடும் போனது. கொப்பி மட்டும் ஒரு சொப்பிங் பையில் சுற்றியபடி செட்டிகுளம் முகாம்வரை வந்து சேர்ந்தது. அந்த ஆவணி மாதம் நான் அங்கிருந்துதான் உயர்தரப் பரீட்சை எழுதினேன். இரவில் அப்பா அந்தக் கொப்பியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். சில பக்கங்களின் மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளி வைத்திருந்தார். என்ன புள்ளி என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்கும் தெரியும்.

கம்பஸில் முதலாம் வருடம், ஐயக்கடன் ஏற்பாடு, அதாவது திரும்பி வராமல் போகலாம் என்று சந்தேகப்படுகிற கடனுக்கு முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது, படிப்பித்தார்கள். 'கடன்பட்டோரில் 5 வீதம் ஐயக்கடனெனக் கருதுக.' நான் கையை உயர்த்தி, அந்த 5 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கணக்கில் தரப்பட்டிருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் விரிவுரையாளர். அவரில் பிழை இல்லை, வகுப்பில் அத்தனை பேர், நேரமில்லை. ஆனால் என் கேள்விக்கான விடை வீட்டில் நீல மட்டைக்குள் இருந்தது. எத்தனை பக்கத்தில் புள்ளி, எத்தனை பக்கத்தில் இல்லை என்று எண்ணியிருந்தால் ஐயக்கடன் வீதம் எப்படிப் பிறக்கிறது என்று அன்றைக்கே விளங்கியிருக்கும்.

மீளக்குடியேறியபின் புள்ளி வைத்த பக்கமொன்றின் ஆள் உயிரோடு வந்து நின்றார். பாக்கியைக் கொடுக்க வந்திருந்தார், 3000 ரூபாய்க்குக் கிட்ட. 'அறவிட்ட அறவிடமுடியாக் கடன், வருமானம்' என்று பாடம் எனக்குத் தலைக்குள் ஓடியது. அப்பா தேத்தண்ணி வைக்கச் சொன்னார், காசை வாங்கவில்லை, பக்கத்தைக் குறுக்கே கீறிவிட்டார். அதற்கு எந்தப் பதிவு என்று எனக்கு இன்றைக்கும் ஒரு தெளிவு இல்லை.

பொருளியலுக்கு வருகிறேன். 'அமையச் செலவு', அதாவது ஒன்றைத் தெரிவுசெய்வதால் கைவிட வேண்டிவருகிற மற்றதன் பெறுமதி, என்ற சொல்லை எங்கள் கமக்காரர் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மாசியில் அதைத்தான் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வெட்டுவதால் நிரம்பல் கூடி விலை விழுகிறது. மூன்று மாதம் பொறுத்தால் விலை ஏறலாம். ஆனால் விதைப்புக்கு நகையை ஈடு வைத்துத்தானே காசு எடுத்தது? 2 இலட்சம் நகைக் கடன், ஆண்டுக்கு 18 வீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 9000 ரூபாய். 2000 கிலோ நெல்லில் பகிர்ந்தால் கிலோவுக்கு நாலரை ரூபாய். அதோடு சாக்கு, காயவைக்கிற கூலி, காய்ந்து குறைகிற நிறை, எலி. இத்தனையையும் தாண்டி விலை ஏறினால்தான் பொறுத்ததில் இலாபம். இந்தக் கணக்கை ஒரு முறை ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து போட்டுப் பார்த்த பிள்ளைக்கு, கேள்வி வளையியும் நிரம்பல் வளையியும் பலகையில் வெட்டிக்கொள்ளும்போது அவை எதைச் சொல்கின்றன என்று தெரியும்.

2021 மேயில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அந்த முடிவைத் திரும்பப் பெற்றார்களே, அந்தப் போகத்துக் கொப்பி எந்த வீட்டிலாவது இருந்தால் அது ஒரு முழுப் பாடநூல். யூரியா இல்லாத வயலில் விளைச்சல் என்னவானது, அடுத்த வருடம் கொழும்பு விலைச்சுட்டியின் பணவீக்கம் புரட்டாதியில் 69.8 வீதமானபோது ஒரு மூடை உரத்துக்கு எத்தனை மூடை நெல் கொடுக்க வேண்டியிருந்தது என்று அதில் இருக்கும். நாங்கள் வாழ்ந்து முடித்ததை விட்டுவிட்டு அமெரிக்கச் சோளக் கமக்காரரின் உதாரணத்தை ஏன் படிக்கிறோம்?

வட்டியைப் பற்றி இன்னும் ஒன்று. வாராவாரம் வீட்டுக்கு வந்து வசூலிக்கிற நுண்கடன் வன்னியில் எத்தனை பெண்களைப் படுத்தியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 50,000 ரூபாய், வட்டி 24 வீதம், 52 கிழமை. மொத்தம் 62,000, கிழமைக்கு 1192 ரூபாயும் சில சதமும். கேட்கும்போது 24 வீதம்தானே என்று இருக்கும். ஆனால் முதற்கிழமையே கடன் வாங்கிய முதலின் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், வட்டியோ வருடம் முழுக்க முழு 50,000க்கும் போகிறது. குறைந்துகொண்டு போகிற மீதியின் மேல் கணித்தால் அது ஆண்டுக்கு 44 வீதம். வணிகக் கணிதத்தில் ஆண்டுத்தொகைச் சூத்திரம் படித்த ஒவ்வொரு பிள்ளையாலும் இதைக் கணிக்க முடியும். கிழமைத் தவணை பதிகிற அம்மாவின் நுண்கடன் அட்டையை ஒப்படையாகக் கொடுங்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் அந்த அட்டை இருக்கும் என்பது என் ஊகம்.

ஒரு சின்னச் சங்கதி, ஆனால் ஆலையில் இருக்கிறவர்களுக்குப் பெரிய சங்கதி: நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பெரும்போக நெல்லை நாங்கள் வாங்கிக் குவிப்பது மாசி, பங்குனியில். அப்படியென்றால் ஐந்தொகை எழுதுகிற நாளில் எங்கள் களஞ்சியம் முகடு முட்ட நெல், வங்கி மேலதிகப்பற்று உச்சத்தில். உடனடிக் கடனை அடைக்கக் கையில் இருப்பது போதுமா என்று பார்க்கிற விரைவு விகிதத்தில் சரக்கு இருப்பைச் சேர்ப்பதில்லை அல்லவா? ஆகவே அந்த ஒரு நாளில் பார்த்தால் எந்த நெல் ஆலையும் நாளைக்கு மூடப்போகிற ஆலைதான். பயிற்சிக்கு வந்த பிள்ளையொன்று அறிக்கையில் அப்படியே எழுதியது, 'இந்நிறுவனம் கடுமையான திரவத்தன்மைச் சிக்கலில் உள்ளது' என்று. முதலாளி வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, நாங்கள் விழப்போறமோ?" என்று கேட்டார். புரட்டாதியில் அதே விகிதத்தைப் போட்டுக் காட்டிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. நூலில் இருக்கிற விகிதம் சரி. எந்த மாதத்தில் நின்று பார்க்கிறோம் என்பதை ஒரு போகம் கூடவே நின்றவர்தான் கேட்பார்.

வணிகச் சட்டத்தில் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் வருகிறது, நல்லது. ஆனால் இங்கே வங்கிக்குப் போகிற பெண் முதலில் முட்டிக்கொள்வது கம்பனிச் சட்டத்தில் அல்ல. வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி, தன் பேரில் உள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அது. கணவன் இருக்குமிடமே தெரியாத பெண்கள் இங்கே எத்தனை பேர். அவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேணும். இன்னொன்று, எங்கள் பக்கத்தில் குடியேற்றத் திட்டக் காணிகள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் கொடுத்த பெமிற் (அனுமதிப்பத்திர) காணிகள். உறுதிக்காணி போல நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ ஏலாது. கமக்காரர் ஏன் வயலை விட்டுவிட்டு மனைவியின் தாலிக்கொடியை வங்கிக்குக் கொண்டுபோகிறார் என்பதற்கான விடையில் பாதி இந்தச் சட்டத்தில் இருக்கிறது. இரண்டு விரிவுரை போதும்.

முகாமைத்துவக் கோட்பாடுகளைப் பற்றி எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. ஃபயோல் சொன்ன 14 கோட்பாடுகளையும் இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்லுவேன், ஒருநாளும் பயன்பட்டதில்லை. ஊருக்கு ஊர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிற இடத்தில், எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு என்ற அமைப்பை ஒரே பந்தியில் கடந்துவிடுவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

சரி, நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நேரம் உங்கள் சட்டகத்திலேயே இருக்கிறது. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் மாணவர் செலவிட வேண்டியது 50 மணித்தியாலம். விரிவுரை என்றால் அதில் 15. மூன்று கிரெடிட் பாடமொன்றில் 150 மணித்தியாலத்தில் 45 உங்களுடையது, மிச்சம் 105 மாணவருடையது. அந்த 105இல் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று நேர்மையாகப் பேசினால், போன வருடத்து அக்காமாரின் குறிப்பைப் பிரதி எடுக்கிறார்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். ஐந்து பாடங்களிலிருந்து இருபது இருபது மணித்தியாலம் எடுத்தால் 100 மணித்தியாலம். ஒரு போகத்துக் கணக்குக்கு அது தாராளம்.

விதைப்பு புரட்டாதி கடைசியிலும் ஐப்பசியிலும், அரிவி தையிலும் மாசியிலும். ஆகவே ஒரே அரையாண்டுக்குள் அடங்காது, இரண்டிலும் ஓட வேணும். ஐந்து பேருக்கு ஒரு வீடு அல்லது ஒரு கடை. மாதம் இரண்டு தரம் போனால் போதும். கொப்பி தமிழில், கையெழுத்தில். கடைசி அறிக்கை ஆங்கிலத்தில். ஆங்கிலத்தைக் குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வங்கிக்கு நான் எழுதுகிற கடிதமெல்லாம் ஆங்கிலத்தில்தான், அதைக் கற்றுத் தந்ததும் நீங்கள்தான். புள்ளி போடுவதற்கு, கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிட வாய்மொழிப் பரீட்சை. கணினி எழுதித் தருகிற ஒப்படைகளோடு நீங்கள் படுகிற பாடு காதில் விழுகிறது. ஈரநெற் சிட்டையைக் கணினி போய் வாங்கிவராது.

ஆட்கள் கணக்கைக் காட்டுவார்களா? லேசில் காட்டமாட்டார்கள். வருமான வரிக்காரர் வருவாரோ, அஸ்வெசும உதவிக்காசு வெட்டுப்படுமோ, பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும். பெயர், ஊர் எதுவும் கொப்பியில் வராது என்று பீடாதிபதி கையொப்பமிட்ட கடிதம் ஒன்று கொடுங்கள். அதற்குப் பிறகும் முதல் இரண்டு முறை தேத்தண்ணி மட்டுந்தான் தருவார்கள். மூன்றாம் முறை கொப்பி வரும்.

தொடக்கத்துக்கு எங்கள் ஆலை ஐந்து பேரை எடுக்கும். முதலாளியிடம் கதைத்துவிட்டேன், சம்மதம். ஈரம் பார்க்கிற மெசின் பழையது, காலையில் ஒரு தரம் சரிபார்த்துத்தான் தொடங்க வேணும். அதையும் அவர்களே செய்யட்டும். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு, பரந்தன் சந்தியிலிருந்து கூட்டிவரவும் வாகனம் இருக்கு. உங்களில் யாராவது வந்து பார்க்க விரும்பினால் தை கடைசியில் வாருங்கள், அப்போதுதான் முதல் நெல் இறங்கும்.

அந்தப் பரந்தன் ஐயா போன கிழமையும் வந்திருந்தார். இறங்கினதும் இறங்காததுமாகக் கேட்ட முதற்கேள்வி, "நூறுக்கு ஆறு கழிச்ச பிள்ளை இந்தமுறை வரேல்லையோ?"

அன்புடன்,
நெல் ஆலைக் கணக்கர் ஒருத்தி
கிளிநொச்சி